ஜெராய் ஏறியாச்சு, அடுத்து கினாபாலு: பீடோங் பக்கத்து மலை ஆசாமிகள் பேசும் இழை

பீடோங் பையன்:
வணக்கம். தலைப்பைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நான் மலேசியாவில் கெடா மாநிலம், பீடோங்கில் இருக்கிறேன், தொழிற்சாலையில் ஷிஃப்டு வேலை. நண்பர்கள் சிலர் சேர்ந்து ஓய்வு நாளில் பக்கத்து ஜெராய் மலை ஏறுவோம். சில நாள் குரூண் பக்கம் தார்ச்சாலை வழியாக, சில நாள் யான் பக்கத்துக் காட்டுப் பாதையில். இப்போது குழுவில் ஒருவன் சபாவிலுள்ள கினாபாலு மலைக்குப் பதிவு செய்யலாம் என்கிறான். இன்னொருவன் அதற்குள் நேப்பாளம் வரை போய்விட்டான், கனவில்தான்.

என் கேள்வி இது. ஜெராய் 1,217 மீட்டர், கினாபாலு 4,095. இடையில் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? யூடியூபில் பார்த்தால் எல்லாரும் பையும் காலணியும்தான் விற்கிறார்கள். எங்கள் அம்மாவோ, "தோட்டத்தில் மேடு மேடாக ஏறி இறங்கித்தான் உங்களை வளர்த்தோம், இப்போ காசு கொடுத்து வேற ஏறணுமா?" என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குரூண் குமார்:
இதற்கெல்லாம் பாடமா? என் மைத்துனி மூன்று மாதம் ஜிம்முக்குப் போனாள், கினாபாலு ஏறி சான்றிதழோடு வந்தாள். நல்ல காலணி வாங்குங்கள், போய்க்கொண்டே இருங்கள்.

ஜெராய் நிழல்:
தம்பி, நான் சுங்கைப்பட்டாணியில் கணக்கு எழுதுகிற ஆள். மலை எனக்குத் தொழில் இல்லை. பிறந்தது தோட்டத்து லயத்தில், அதனால் உங்கள் அம்மா சொல்வது எனக்கு நன்றாகவே புரிகிறது. கோர்பு, கினாபாலு, அப்புறம் நேப்பாளத்தில் எவரெஸ்ட் இருக்கிற கும்பு பக்கம் இம்ஜா ட்சே என்ற பனிமலை என்று கொஞ்சம் சுற்றியிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் கால் பலத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. வாரம் தவறாமல் ஜெராய் ஏறுகிறவனுக்குக் கால் தானாக வரும். ஆனால் மலையில் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இறங்குகிற வழியில். கிளம்புகிற நேரத்தை எல்லாரும் வாட்ஸ்அப்பில் பத்துத் தடவை எழுதுகிறார்கள். எத்தனை மணிக்கு, எங்கே இருந்தாலும் திரும்புவோம் என்று எழுதிய ஒரு குழுவை நான் பார்த்தது அபூர்வம். முதலில் கற்க வேண்டியது அதைத்தான். காசும் ஆகாது, ஜெராயிலேயே கற்கலாம்.

எப்படி என்று கேட்டால், இப்படி. நம் ஊரில் பொழுது சாய ஏழேகால், ஏழரை ஆகும். ஆனால் மரக்கூரைக்குக் கீழே ஆறேகாலுக்கே வேர் எது, கல் எது என்று தெரியாது. ஏறியதற்கு நான்கு மணி நேரம் என்றால் காட்டுப் பாதையில் இறங்கவும் ஏறக்குறைய அவ்வளவு வைத்துக்கொள்ளுங்கள். தார்ச்சாலையில் இறக்கம் சீக்கிரம் முடியும், ஈரக் களிமண்ணில் முடியாது. அதோடு ஒரு மணி நேரம் கையிருப்பு. பின்னாலிருந்து கணக்குப் போட்டால் உங்கள் திரும்பும் நேரம் கிடைக்கும். அதைக் குழுவில் மெதுவாக நடப்பவரிடம் சொல்லி வையுங்கள், வேகமாக நடப்பவரிடம் சொல்லாதீர்கள். வேகமானவன் எப்போதும் "இன்னும் பத்து நிமிஷம்தான்" என்பான்.

இரண்டாவது, தண்ணீர். ஜெராய் தனி மலை. சுற்றிலும் வயலும் தோட்டமும், மேற்கே கடல். ஈரக்காற்று நேராக வந்து முட்டி மேலேறிக் குளிர்ந்து அங்கேயே கொட்டிவிடுகிறது. ஓடைகள் எல்லாம் குட்டையானவை, செங்குத்தானவை. அதனால் உச்சியில் பெய்த மழை அடிவாரத்துக்கு வர நேரமே எடுக்காது. நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், கெப்பாலா ஆயர், அதாவது மேலிருந்து திடீரென்று பாயும் வெள்ளம், வந்துகொண்டிருக்கும். 2021 ஆகஸ்ட் 18 எல்லாருக்கும் நினைவிருக்கும். மேலே மண் சரிந்து, மரமும் பாறையும் சேறுமாக யான் பக்கம் இறங்கியது. தித்தி ஹாயூனில் அதற்கு முன்னால் குளித்தவர்கள் போய்ப் பார்த்தால் இடமே அடையாளம் தெரியாது. உயிர்கள் போயின. ஓடையைக் கடக்கிற பாதை எதுவானாலும், கடக்கும்போது "திரும்பி வரும்போது இது இப்படியே இருக்குமா?" என்று கேட்டுவிட்டுக் கடங்கள்.

பழைய பால்மரம்:
தம்பிகளா, எனக்கு வயது எழுபதுக்கு மேல். பேத்தி தட்டச்சு செய்து தருகிறாள்.

நாங்கள் ஜெராய் அடிவாரத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். விடிகாலை நாலு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவோம். முதலில் கார்பைட் விளக்கு, அப்புறம்தான் பேட்டரி. மேட்டில் படி வெட்டி மரம் வைத்திருப்பார்கள். மழை பேய்ந்தால் மரப்பட்டை நனைந்து பால் கோட்டில் நிற்காமல் வழிந்துவிடும், அன்றைக்கு வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அதனால் எங்களுக்கு ஜெராயைப் பார்ப்பதுதான் காலையில் முதல் வேலை. உச்சியில் தொப்பி போட்டிருந்தால் ஒரு கணக்கு. தொப்பி கழுத்துவரை இறங்கி, அடியில் கறுத்திருந்தால் வேறு கணக்கு, அன்றைக்குப் பிள்ளைகளை ஆற்றுப் பக்கமே விடமாட்டோம். ஆற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி இலையும் சுள்ளியும் வந்தாலும் அப்படித்தான். கரையேறிவிட வேண்டும், துணியை எடுக்கக்கூட நிற்கக் கூடாது. தண்ணீர் திடீரென்று குறைந்தாலும் நல்லதில்லை, மேலே எங்கோ அடைத்திருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

மற்றபடி, காண்டா என்கிற தோள்கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க இறங்கினவர்களுக்கு இந்த மலையேற்ற ஆசை வராது. உங்கள் அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஜெராய் நிழல்:
ஐயா, கலங்கலும் சுள்ளியும் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே மலை வழிகாட்டிப் பயிற்சியிலும் சொல்லித் தருகிறார்கள். தண்ணீர் குறைவதும் அபாயம் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பேத்திக்கு நன்றி.

கணக்குப்புலி:
நான் ஒன்று கேட்கலாமா? காட்டிலாகா பெர்மிட், மாலிம் குனோங் என்று ஒரு வழிகாட்டி, கினாபாலு என்றால் பூங்கா அனுமதி, காப்புறுதி, மலையில் லாபான் ராத்தா விடுதியில் படுக்கை. இதெல்லாம் சேர்த்தால் ஒரு மாதச் சம்பளம். பாதை கண்ணுக்குத் தெரிகிறது, ஜிபிஎஸ் கையில் இருக்கிறது. வழிகாட்டிக்கு எதற்குக் காசு? இது வசதி உள்ளவர்கள் விளையாட்டு, அதை ஒத்துக்கொள்ளுங்கள்.

ஜெராய் நிழல்:
செலவு அதிகம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். கினாபாலுவுக்கு நானும் சீட்டுப் பணம் எடுத்துத்தான் போனேன்.

பெர்மிட் விஷயத்தில் பேச்சுக்கு இடமில்லை. 1984 தேசிய வனச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். அதைவிட முக்கியம், பெர்மிட்டில் உங்கள் பெயர் இருந்தால்தான் நீங்கள் உள்ளே இருப்பது வெளியில் ஒருவருக்குத் தெரியும். தேடுகிறவர்கள் முதலில் கேட்பது எந்த வழியாகப் போனார்கள், எத்தனை பேர் என்றுதான்.

வழிகாட்டிக்கு வருகிறேன். 2015 ஜூன் 5, காலை ஏழேகால் மணி வாக்கில் கினாபாலு இருக்கிற ரானாவ் பக்கம் 6.0 அளவு நிலநடுக்கம். மேலே இருந்தவர்கள் அப்போதுதான் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தார்கள். பாறைகள் உருண்டு பாதையை அடைத்துவிட்டன. 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள், வழிகாட்டிகளும் இருந்தார்கள். மேலே சிக்கிய நூற்று முப்பதுக்கும் மேற்பட்டவர்களை ஹெலிகாப்டர் மேகத்தில் நெருங்க முடியாமல் தவித்தபோது, நடத்தியே கீழே கொண்டுவந்தது அந்த ஊர் டூசுன் இன வழிகாட்டிகள்தான். கயிற்றைக் கட்டி, பாறை உருண்டுகொண்டிருக்கும்போதே. ஜிபிஎஸ் பாதையைக் காட்டும். பாதையே இல்லாமல் போனால் எது பாதை என்று சொல்ல ஆள் வேண்டும்.

கணக்குப்புலி:
நிலநடுக்கம் எப்போதாவது ஒரு தடவை வருவது. அதை வைத்து வாதம் செய்தால் எப்படி? சாதாரண நாளில் வழிகாட்டி முன்னால் நடக்கிறார், நாம் பின்னால் மூச்சு வாங்குகிறோம், அவ்வளவுதான்.

ஜெராய் நிழல்:
சரி, சாதாரண நாளையே எடுத்துக்கொள்வோம். கோர்பு. 2,183 மீட்டர், தீபகற்பத்தில் தஹானுக்கு அடுத்தது, தஹானைவிட நான்கே மீட்டர் குறைவு. உலு கிந்தா பக்கமிருந்து ஏறினோம். இரவு காட்டில் தங்கி மறுநாள் உச்சி, முடிந்தால் பக்கத்துக் காயோங்கும் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம்.

இரண்டாயிரம் மீட்டருக்கு நெருங்கும்போது காடே மாறும். மரங்கள் குள்ளமாகி, தண்டெல்லாம் பாசி, மிதித்தால் கணுக்கால் வரை உள்ளே போகும். எப்போதும் மேகத்துக்குள் இருப்பதால் மழை பெய்யாமலே நனைவோம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி வெப்பம் குறையும் என்று வைத்துக்கொண்டால் ஈப்போவில் 32 இருக்கும்போது அங்கே 19, 20. கேட்க சுகமாகத்தான் இருக்கும், கேமரன் மலை மாதிரி. அங்கே காற்றடிக்க, நனைந்த பருத்திச் சட்டையோடு, சாப்பிடாமல் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள்.

எங்களோடு வந்த ஒரு தம்பி முகடேறியதும் பேச்சைக் குறைத்தான். நல்ல வாய்க்காரன், அதனால் நாங்கள் களைப்பு என்று நினைத்தோம். வழிகாட்டி நின்றார். கூட்டிப் போனவர் ஓராங் அஸ்லி, பூர்வகுடி, அதிகம் பேசமாட்டார். தம்பியிடம் ஒரு சாக்லெட்டைக் கொடுத்து உறையைப் பிரிக்கச் சொன்னார். அவனால் பிரிக்க முடியவில்லை. விரல் உறையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது, பிடி கிடைக்கவில்லை. அவ்வளவுதான், அவர் பையை இறக்கி கன்வாஸ் விரிப்பைக் காற்று வரும் பக்கம் கட்டினார். சட்டையைக் கழற்றச் சொல்லி உலர்ந்ததைப் போட்டு, தலைக்குத் தொப்பி, கீழே இலையும் பையும் போட்டு உட்கார வைத்து, அடுப்பில் மைலோ சர்க்கரை தூக்கலாகக் காய்ச்சிக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் தம்பி வழக்கம்போல் கிண்டல் பேசத் தொடங்கினான். உச்சி பக்கம்தான், போகலாம் என்று அவனே சொன்னான். வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், "துரூன்" என்றார். இறங்கினோம். கோர்பு உச்சியை நான் பார்த்தது வேறொரு பருவத்தில்.

நடுங்குகிற ஆளுக்கு உடம்பு இன்னும் வேலை செய்கிறது, உடனே உலர்த்திச் சூடேற்ற வேண்டும். வார்த்தை குழறி, கை தடுமாறி, நடுக்கம் நின்றுபோனால் பெரிய ஆபத்து. எனக்கு அது புத்தகத்தில் தெரியும். அவருக்கு ஒரு சாக்லெட் உறையில் தெரிந்தது. கணக்குப்புலி அண்ணே, காசு அதற்குத்தான்.

தாதி அக்கா:
நான் மருத்துவமனையில் தாதி, நானும் ஏறுவேன். உயரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

ஜெராய், கோர்பு, தஹான் எதிலும் உங்களுக்கு உயர நோய் வராது. பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் அது தொடங்கும். அதனால் தீபகற்பத்தில் எவ்வளவு ஏறினாலும் அதற்கு ஒத்திகை கிடையாது. கினாபாலுவில் காலையில் திம்போஹோன் வாசல் 1,866 மீட்டரில் தொடங்கி, மாலையில் லாபான் ராத்தாவில் 3,272 மீட்டரில் படுக்கிறீர்கள். முந்தின நாள் கோத்தா கினாபாலுவில் கடல் மட்டத்தில் மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்த உடம்பு அது. மூவாயிரத்துக்கு மேல் போனால் படுக்கிற உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வெடு என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. கினாபாலு அந்த விதிக்குள் அடங்காது. தப்பித்துக்கொள்வது எப்படியென்றால், அதிகாலை இரண்டரைக்குக் கிளம்பி உச்சியைத் தொட்டு அன்றைக்கே கீழே வந்துவிடுகிறோம், நோய் முற்ற நேரம் இல்லை. உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் அறுபது விழுக்காடு அளவுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும்.

தலைவலி, குமட்டல், சோர்வு, தூக்கமின்மை. இவை இருந்தால் மேலே போகாமல் நிற்க வேண்டும். குறையாவிட்டால் இறங்க வேண்டும். குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, இருமலில் நுரை வந்தால் நுரையீரல். இந்த இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே இறக்கம்தான். டயமாக்ஸ் என்கிற அசிட்டசோலமைட் மாத்திரை உடம்பு பழகுவதை வேகப்படுத்தும், அவ்வளவே. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நண்பன் கொடுத்த மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.

இன்னொன்று, நம்மூர்க் காட்டுக்கு. ஓடைத் தண்ணீரில் இறங்கி வந்தபின் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் சதை வலி, கண் சிவப்பு வந்தால் கிளினிக்கில் "காட்டுக்குப் போனேன்" என்று சொல்லுங்கள். எலிச்சிறுநீர்க் காய்ச்சலாக இருக்கலாம். சொல்லாவிட்டால் டெங்கிக்கு மட்டும் இரத்தம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். அட்டைக்கடிக்கு அலறிக்கொண்டு வருகிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

குரூண் குமார்:
பயமுறுத்துகிறீர்களே அக்கா. 1997 மே 23 மறந்துவிட்டதா? எவரெஸ்ட்டில் கால் வைத்த முதல் மலேசியர்கள் யார்? எம். மகேந்திரனும் என். மோகனதாஸும். நம் ஆட்கள்! அவர்களுக்கு ஊரில் பனி மலையா இருந்தது? நம்ம இரத்தத்தில் இருக்கு.

தாதி அக்கா:
இரத்தத்தில் இருப்பது ஹீமோகுளோபின், குமார். அதுவும் உயரத்துக்குப் போனால் கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

ஜெராய் நிழல்:
அன்றைக்கு எங்கள் வீட்டில் தொலைக்காட்சியைச் சுற்றிக் கூட்டம். நானும் கத்தினவன்தான். எனக்கு மலை ஆசை வந்ததே அதனால்தான் என்று சொல்லலாம். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு, தேர்வில் வடிகட்டி எடுத்த குழுவோடு போனவர்கள். "நம்ம ஆளு" என்கிற பெருமையில் அந்தப் பயிற்சியை மறைத்துவிட வேண்டாம்.

அதே மே மாதத்தில், 2023இல் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் நாட்டிலிருந்து போன குழுவில் ஒருவர் எவரெஸ்ட்டில் இறந்தார், நம் கெடாவில் பணியாற்றியவர். காது கேளாத இன்னொருவர் உச்சியைத் தொட்டுவிட்டு வந்து காணாமல் போனார். அதே நாட்களில், மேலே பால்கனி என்று சொல்கிற இடத்துக்குப் பக்கத்தில் உறைந்து கிடந்த வேறொரு மலேசியரை கெல்ஜே ஷெர்பா பார்த்தார். தன் வாடிக்கையாளரை உச்சிக்குப் போகாமல் திருப்பி அனுப்பிவிட்டு, பாய்க்குள் சுருட்டி, முதுகில் சுமந்தும் பனியில் இழுத்தும் சுமார் 600 மீட்டர் கீழே கொண்டுவந்தார். ஆறு மணி நேரம் ஆனதாம். பிழைத்தார். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் நம்மை நாமே நடத்திக்கொள்வதே பெரும்பாடு, இன்னொரு ஆளைச் சுமப்பது என்றால் நினைத்துப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரு கெல்ஜே கிடைப்பார் என்று கணக்குப் போட முடியாது.

பீடோங் பையன்:
அண்ணே, ஐயா, அக்கா, நன்றி. வீட்டில் படித்துக் காட்டினேன், அம்மா பழைய பால்மரம் ஐயா கட்சி. இன்னும் இரண்டு கேள்வி. கினாபாலுவுக்கு மட்டும் என்றால் எப்படிப் பயிற்சி செய்வது? நேப்பாளம் போக நினைக்கிற நண்பனுக்குக் கயிறு வேலை எல்லாம் எங்கே கற்பது? கிராம்பான், ஜூமார் என்று ஏதேதோ சொல்கிறான்.

ஜெராய் நிழல்:
கினாபாலு பாதை வாசலிலிருந்து உச்சிவரை ஏறக்குறைய 8.7 கிலோமீட்டர். தூரம் பெரிதில்லை, எல்லாம் படி. மரப்படி, கல்படி, மறுபடியும் படி. அதனால் படிக்குப் போங்கள். பினாங்குத் தண்ணீர்மலையில் 513 படி இருக்கிறது, பாலத்தைத் தாண்டினால் போதும். பையில் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். மேலே முருகனைக் கும்பிட்டுவிட்டு, செடிக்கு ஊற்றிப் போத்தலைக் காலி செய்துவிட்டு இறங்குங்கள். ஏறும்போது சுமை தசையைப் பலப்படுத்தும், இறங்கும்போது அதே சுமை முட்டியைத்தான் தின்னும். பெரிய மலைக்கு முன்னாலேயே முட்டியைத் தேய்த்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச வாரம் கழித்து முட்டி பழகியபின் பாதிச் சுமையோடு இறங்கிப் பழகலாம்.

நடையும் ஒரு வித்தை. செங்குத்தில் ஒவ்வோர் அடிக்கும் பின்னங்கால் முட்டியை நேராகப் பூட்டி, எடையை எலும்பில் நிறுத்தி, அரை நொடி இளைப்பாறி, அப்புறம் அடுத்த கால். பார்க்க சோம்பேறி நடை. கும்புவில் 60 வயது தாண்டிய ஷெர்பா ஒருவர் அந்த நடையில் எங்களை எல்லாம் விட்டுவிட்டுப் போனார். ஏறும்போது பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம்.

கயிறு வேலைக்கு நமக்கு அதிர்ஷ்டம், பெர்லிஸ் பக்கத்தில்தான் இருக்கிறது. புக்கிட் கெத்ரி சுண்ணாம்புப் பாறையில் ஏறப் பழகுகிறவர்கள் நிறைய. பயிற்சி பெற்ற ஒருவரோடு போய், ஹார்னஸ் என்கிற இடுப்புப் பட்டையைக் கட்டவும் கயிற்றில் ஜூமார் மாட்டி ஏறவும் கற்றுக்கொள்ளலாம். ஜூமார் மேலே மட்டும் நகரும், கீழே வழுக்காத ஒரு பிடி. இம்ஜா ட்சேயின் கடைசிச் சரிவில் நிலையாகக் கட்டிய கயிற்றில் அதை வைத்துத்தான் ஏறுகிறோம். கயிறு ஒரே நீளமாக இருக்காது. இடையிடையே பனியில் அறைந்த ஆணியில் முடிச்சுப் போட்டிருக்கும். அங்கே வந்ததும் முதலில் காராபினர் என்கிற கொக்கி வளையம் ஒன்றை முடிச்சுக்கு அந்தப் பக்கம் மாட்ட வேண்டும், மாட்டிய சத்தம் கேட்க வேண்டும், அப்புறம்தான் ஜூமாரை எடுத்து அந்தப் பக்கம் வைக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கயிற்றை விட்டு வெளியே இருக்கிற கணம் வரவே கூடாது. இதைப் பாறையில் வெறுங்கையால் பழகினால் பத்தாது. கனத்த கையுறை போட்டுக்கொண்டு, நெற்றி விளக்கில், தூக்கம் கெட்ட ஒரு விடிகாலையில் பழகச் சொல்லுங்கள். நாங்கள் அங்கே ஏறியது இருட்டில், விரல் மரத்துப்போன குளிரில். பாறையில் செய்த பழக்கம்தான் கை தானாக வேலை செய்ய உதவியது. இறங்குகிற முறையையும் அதே அளவு பழக வேண்டும், எட்டு வடிவ வளையத்தில் கயிற்றைக் கோத்து இறங்குவது. ஏறக் கற்றுக்கொண்டு இறங்கக் கற்காமல் வருகிறவர்களால்தான் அந்தச் சரிவில் வரிசை நிற்கிறது.

பூட்ஸ் அடியில் மாட்டுகிற பனி முள்ளான கிராம்பான் மட்டும் இங்கே பழக முடியாது. அதற்கு அங்கே போனபின் பனியில் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். பயண ஏற்பாட்டாளர் அந்த நாளை வெட்டிச் செலவு குறைத்துத் தருகிறேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். நாள் கணக்கும் அப்படியே. நடை தொடங்கும் லுக்லா 2,860 மீட்டர், நாம்சே 3,440 மீட்டர். நாம்சேயில் ஓர் ஓய்வு நாள், டிங்போச்சே 4,410 மீட்டரில் இன்னோர் ஓய்வு நாள். தாதி அக்கா சொன்ன விதிதான் இங்கே நாள்காட்டியாக இருக்கிறது. ஓய்வு நாள் என்றால் படுத்துக் கிடப்பதில்லை, பகலில் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இரவில் கீழே வந்து படுப்பது. காப்புறுதிப் பத்திரத்தில் எத்தனை மீட்டர் வரை பொறுப்பேற்கிறார்கள் என்ற வரியை முதலில் தேடுங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதி பல இந்த உயரத்துக்கு வராது, ஹெலிகாப்டர் செலவு வீட்டை அடகு வைக்கச் சொல்லும்.

கணக்குப்புலி:
சரி, வழிகாட்டி விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்குக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பழைய பால்மரம்:
இந்த ஜெராயைப் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் வங்கக் கடலைத் தாண்டி வந்த கப்பல்கள் கடாரத்துக்குத் திசை பிடித்தன என்று மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் பேத்தி கூட்டிப்போனபோது சொன்னார்கள். 1025இல் ராஜேந்திர சோழன் படை வந்ததும் இங்கேதான். அவர்கள் யாரும் ஏறியதாகத் தெரியவில்லை. புத்திசாலிகள்.

ஒரு சந்தேகம். காலுக்கு என்ன போடுகிறீர்கள்? பேத்தி காட்டிய படத்தில் காலணி ஒன்று ஐந்நூறு வெள்ளி என்று போட்டிருந்தது. நாங்கள் போட்டது கறுப்பு ரப்பர் சப்பாத்துதான்.

ஜெராய் நிழல்:
ஐயா, அதைத்தான் இப்போது அடிடாஸ் கம்போங் என்று சொல்லி எல்லாரும் தேடி வாங்குகிறார்கள். அடியில் குமிழ் குமிழாக இருக்கும், களிமண்ணில் நன்றாகப் பிடிக்கும், தண்ணீர் புகுந்தாலும் கொட்டிவிட்டு நடக்கலாம், சேற்றில் ஊறிக் கனக்காது. கோர்புவில் எங்கள் வழிகாட்டி அதைத்தான் போட்டிருந்தார். கினாபாலுவிலும் பத்து இருபது கிலோ தூக்குகிற சுமைதூக்கிகள் பலர் காலில் அதுதான். நான் தீபகற்பக் காட்டுக்கு வேறு எதையும் போடுவதில்லை. ஒரே குறை, அடி மெல்லியது, கணுக்காலுக்குத் தாங்கு இல்லை. கனத்த பை தூக்கிப் பழகாதவர்களுக்குக் கால் புரளும், கூர்க்கல்லில் பாதம் வலிக்கும். பனிக்கு ஆகவே ஆகாது, அங்கே கிராம்பான் மாட்டுகிற விறைப்பான பூட்ஸ் வேண்டும், அதைக் காத்மாண்டுவில் வாடகைக்கு எடுக்கலாம், வாங்கத் தேவையில்லை.

பீடோங் பையன்:
அப்படியானால் கினாபாலுவுக்கும் அதுவே போதுமா? சைஸ் எப்படிப் பார்ப்பது? பாசாரில் கடைக்காரர் போட்டுப் பார்க்க விடுவதில்லை.

ஜெராய் நிழல்:
போதும், ஆனால் ஜெராயில் பையோடு சில தடவை போட்டு நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். புதுச் சப்பாத்தோடு சபாவுக்கு விமானம் ஏற வேண்டாம். தடித்த காலுறை ஒன்றைப் பாசாருக்குக் கொண்டுபோய், அதைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். விடாத கடையில் வாங்காதீர்கள். சாயங்காலம் போங்கள், நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். முன்னால் ஒரு விரல் இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறங்கும்போது கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்துவிடும். கிளம்பும் முன் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். உள்ளே ஒரு பாதத் தாங்கு போட்டால் பாத வலி குறையும், குரூண் சந்தையிலேயே கிடைக்கிறது.

குரூண் குமார்:
குரூண் சந்தையில் எந்தக் கடை என்று நான் காட்டுகிறேன். சனிக்கிழமை வாருங்கள். மைத்துனியையும் கூட்டிவருகிறேன், சான்றிதழோடு.